குழந்தையுடன் ரோமானியர் காலத்து இடங்கள்: எங்கே சென்றீர்கள், என்ன நடந்தது?

ஆறு வயது மகளின் தந்தை, லண்டன்

ஆகஸ்டு மாதம், இத்தாலியில் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரம், உச்சிவேளை. வெயிலைப் பற்றி அங்கே போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகள் முதல் ஒரு மணி நேரமும் தெருவைக் கடப்பதற்காகப் போட்டிருக்கும் மேடைக்கற்களை விட்டு நகரவே இல்லை. கல்லுக்குக் கல் தாவி எதிர்ப்பக்கம் போவாள், திரும்பி வருவாள், இடையில் குனிந்து, வண்டிச் சக்கரங்கள் உராய்ந்து பள்ளமாகிவிட்ட தடத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பாள். இவ்வளவு தொலைவு வந்துவிட்டு முக்கியமானவற்றைப் பார்க்காமல் போவதா என்ற பதற்றத்தில், நான்தான் அவளை நகரின் தெற்குக் கோடியிலுள்ள தப்பியோடியோர் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் 13 பேரின் சாந்து வார்ப்புகள் கிடக்கின்றன. குழந்தைகளும் அவர்களில் உண்டு. முன்கூட்டி நான் எதையும் சொல்லியிருக்கவில்லை என்பதால், அவை சிலைகள் என்றே அவள் முதலில் நினைத்தாள். உடல்கள் மக்கிப்போனபின் இறுகிய சாம்பலுக்குள் எஞ்சிய வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி எடுத்த உருவங்கள் இவை என்று வழிகாட்டி ஒருவர் பக்கத்துக் குழுவுக்கு விளக்கியது அவள் காதில் விழுந்துவிட்டது.

"ஓடச் சொல்லி அந்தத் தம்பிகிட்ட யாரும் சொல்லலையாப்பா?" என்று கேட்டாள்.

"வாம்மா, வெயில் அதிகமா இருக்கு" என்று சொல்லி வெளியே கூட்டி வந்துவிட்டேன். அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. ஈஸ்டர் விடுமுறையில் மீண்டும் இத்தாலி செல்கிறோம். அவளுக்கு ஏற்ற இடம் எது?

எட்டு வயது மகனின் தாய், நியூகாசில்

அண்ணா, இத்தாலியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மேடைக்கற்களைப் படித்ததும் விண்டோலாண்டா நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவர் என்றாலே சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்று எண்ணி, முதல் முறை ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு மேடேறிப் போய், மழையும் காற்றும் தாங்காமல் அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். சுவருக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டைக்கு அடுத்த முறைதான் சென்றோம். 122ஆம் ஆண்டில் சுவர் கட்டத் தொடங்குவதற்கு முன்பே அங்கே படைவீரர்கள் குடும்பங்களோடு வாழ்ந்திருக்கிறார்கள். காற்றுப் புகாத ஈரமண் தோலையும் மரத்தையும் கெடாமல் காத்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் செருப்புகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒரு குழந்தையின் செருப்பைப் பார்த்ததும் என் மகன் தன் காலணியைக் கழற்றிவிட்டு, கண்ணாடிப் பேழைக்கு அருகே பாதத்தைத் தூக்கி அளவு பார்த்தான். அதுவரை ரோமானியர் என்றால் தலைக்கவசமும் வாளும் மட்டுமே என்று இருந்தவன் அவன்.

1973 முதல் அங்கே கிடைத்துவரும் மை எழுத்துள்ள மெல்லிய மரப்பலகைகளில் ஒன்று, வீரர்கள் வாங்கிய பொருள்களின் கணக்கு. அதில் மிளகும் இருக்கிறது, 2 தினாரிக்கு (தினாரி ரோமானிய வெள்ளிக்காசு). அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து, யவனர்கள் பொன்னைக் கொடுத்து வாங்கிப்போன மிளகு வகைதான் என்று சொன்னேன். அன்றிரவு ரசத்தில் மிதந்த மிளகை ஒதுக்காமல் கரண்டி நுனியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இதுவா அங்கே வரைக்கும் வந்தது?" என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், சென்னை

முதலில் எழுதிய தம்பிக்கு: தவறு பொம்பெயி மீது இல்லை. குழந்தை கேட்டது நல்ல கேள்வி, அதற்கு விடையும் உண்டு. 79ஆம் ஆண்டில் அந்நகரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்ததாகக் கணக்கிடுகிறார்கள். இதுவரை அங்கே கிடைத்திருக்கும் உடல்களோ ஆயிரத்துச் சொச்சம்தான். மூன்றில் ஒரு பகுதி இன்னும் தோண்டப்படவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும், பெரும்பாலோர் ஓடித் தப்பியிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். இதை அவளிடம் சொல்லுங்கள்.

என் பேத்தியோடு, அதே எரிமலை வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்துக்குப் போயிருக்கிறேன், அவள் களைப்படையவே இல்லை. அதைத்தான் உங்களுக்கும் பரிந்துரைப்பேன். பொம்பெயி மதிலுக்குள் ஏறத்தாழ 66 ஹெக்டேர். ஹெர்குலேனியத்தில் தோண்டி வெளிக்கொணர்ந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் குழந்தையின் கால்களுக்கு அதுவே போதுமான அளவு. வீடுகள் மாடியோடு நிற்கின்றன, கரியாகிப்போன மர உத்தரங்களையும் கதவுகளையும் காணலாம். நேப்பிள்ஸிலிருந்து வரும் ரயிலில் எர்கொலானோ ஸ்காவி நிலையத்தில் இறங்கி நேரே கீழ்நோக்கி நடந்தால் வாயில் வந்துவிடும். திரும்பும்போது அதே சரிவு ஏற்றம் என்பதையும் கணக்கில் வையுங்கள். வாயில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். தள்ளுவண்டியை எடுத்துச் செல்லாதீர்கள், அந்தக் கற்பாதைகளில் அது உருளாது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். ஒரு நாளில் இரண்டு இடங்களைத் திட்டமிடாதீர்கள். வரைபடத்தைக் குழந்தையின் கையில் கொடுத்து, அடுத்து எந்தத் தெரு என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் பார்க்க நினைத்ததில் பாதி விட்டுப்போகும், போகட்டும்.

இரட்டைப் பிள்ளைகளின் தாய், ரோம்

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். ஹெர்குலேனியத்தைச் சொன்னவர் அதன் கடற்கரைப் படகுக் கொட்டில்களைச் சொல்லாமல் விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே அடைக்கலம் புகுந்து இறந்த ஏறத்தாழ 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன, அவற்றின் வார்ப்புகளை இன்றும் அந்த வளைவுகளுக்குள் வைத்திருக்கிறார்கள். சாந்து உருவங்களைக் கண்டு கலங்கிய ஆறு வயதுக் குழந்தையைச் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

பண்டைய ரோமின் துறைமுக ஊரான ஆஸ்டியா அந்திகாவுக்குப் போங்கள். எரிமலையால் அழியாமல், ஆற்று வண்டல் படிந்து, துறைமுகம் பயனற்று, மெல்ல மெல்லக் கைவிடப்பட்ட ஊர் அது. ரோமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். பைன் மர நிழல் உண்டு, கூட்டமும் குறைவு. நாடக அரங்குக்குப் பின்னாலுள்ள சதுக்கத்தில் வணிகர்களின் அலுவலகங்களுக்கு முன்னால் தரையில் கப்பல்களும் கலங்கரை விளக்கமும் கறுப்பு வெள்ளைக் கற்களால் பதிக்கப்பட்டிருக்கின்றன. இன்றைய லிபியாவிலுள்ள சப்ராத்தா ஊர் வணிகர்களின் வாசலில் இருப்பது ஒரு யானை. என் பிள்ளைகள் இருவரும் தரையோடு தரையாக அமர்ந்து அதன் கால்களை எண்ணினார்கள். நான் அவர்களை எழுப்பவில்லை.

ஆறு வயது மகளின் தந்தை, லண்டன்

மூவருக்கும் நன்றி. ஆஸ்டியாவுக்கே போவதென்று முடிவு செய்திருக்கிறோம். நேற்றிரவு படுக்கும் முன், பொம்பெயியில் பெரும்பாலோர் ஓடித் தப்பிவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் படுத்திருந்தாள். பிறகு தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் பக்கம் திரும்பி, "அப்படின்னா அந்தத் தம்பியோட அக்கா?" என்று கேட்டாள். அவளும் அங்கே இருந்தாளா என்பது யாருக்கும் தெரியாது என்று இம்முறை அவளிடம் சொன்னேன்.