பதில்: டின் விஸ்கருக்கு 'ஈயமீசை' வேணாம், 'முளைமுடி' சரிவருமா?

வணக்கம் அண்ணா,

டின் விஸ்கருக்கு, அதாவது வெள்ளீயப் (டின்) பூச்சுலேர்ந்து தானா வளர்ற மெல்லிசு உலோக முடிக்கு, தமிழ்ல 'ஈயமீசை'ன்னு பேர் வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. கேக்க அழகாதான் இருக்கு, ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது. மொதல்ல ஈயம். ஈயம்னா நம்மாளுங்க பாதிப்பேருக்குக் காரீயம் (லெட்) தான் ஞாபகம் வரும், ஆனா இந்த முடி வளர்றது சுத்த வெள்ளீயப் பூச்சுல, அதுல கொஞ்சம் காரீயம் கலந்தா வளர்றது நல்லாவே அடங்கிடும். 2006ல ஐரோப்பாவுல எலக்ட்ரானிக்ஸ் சாமான்ல காரீயத்துக்குத் தடை வந்தப்புறம் இந்தப் பிரச்சினை திரும்பப் பெருசா பேசப்பட்டதே அதனாலதான். மருந்தோட பேரையே நோய்க்கு வைக்கலாமா?

அடுத்து மீசை. ரேடியோக்காரங்களுக்கு மீசைன்னா பூனைமீசை ஞாபகம் வரும், பூனைமீசைன்னா பழைய கிரிஸ்டல் ரேடியோவுல கலீனா கல்லைத் தொட்டுக்கிட்டு இருக்குமே அந்த மெல்லிசு கம்பி, ஜெர்மேனியம் பாயிண்ட் காண்டாக்ட் டையோடு உள்ளயும் அதே மாதிரி கம்பிதான். அது வேணும்னே வச்சது, இது தானா வளர்ந்து கெடுக்கறது. பழைய டெஸ்ட் கருவி ஒன்னுலயே ரெண்டும் இருக்கலாம், அப்ப 'மீசை தொடுது'ன்னு எழுதினா படிக்கிறவன் நல்லதுன்னு எடுத்துக்குவானா கெட்டதுன்னா? (பினாங்குல மிசாய் கூச்சிங்னா, மலாய்ல பூனைமீசைதான், குடிக்கிற மூலிகைத் தண்ணி வேற லா.)

இப்ப என் மேசைல பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில வாங்கின சிக்னல் ஜெனரேட்டர் ஒன்னு திறந்து கிடக்கு, 60கள் சாமான், உள்ள ஏஎஃப்117 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். இந்த ஏஎஃப்114லேர்ந்து 117 வரைக்கும் எல்லாத்துக்கும் நாலு கால்: எமிட்டர், பேஸ், கலெக்டர்னு மூணு, நாலாவது கால் வெளித் தகரக் கூட்டோட சேர்ந்தது, அது கிரவுண்டுக்குப் போகும். கழட்டி மல்டிமீட்டர் வச்சா கூட்டுக்கும் கலெக்டருக்கும் நடுவுல ஓப்பனா, அதாவது இணைப்பே இல்லாம இருக்கணும், ஆனா சில ஓம்தான் காட்டுது, ஷார்ட். கூட்டோட உள்பக்கப் பூச்சுலேர்ந்து முடி கிளம்பி கலெக்டரைத் தொட்டுடுச்சு. ஒரு முடி ஒன்னு ரெண்டு மைக்ரான் தடிமன்தான் இருக்கும், நீளம் மில்லிமீட்டர் கணக்குல போகும், வளர வருஷக்கணக்கு ஆகும்.

அந்த நாலாவது காலை மட்டும் வெட்டிவிட்டா பல நேரம் சர்க்யூட் உயிர் வந்துடும். ஆனா பேஸையும் இன்னொரு முடி தொட்டிருந்தா கூடு வழியாவே ரெண்டும் ஷார்ட், அப்ப வெட்டியும் பிரயோஜனம் இல்ல. சார்ஜ் ஏத்தின கெப்பாசிட்டரால முடியை எரிக்கிறவங்க இருக்காங்க, எரியும், திரும்பவும் முளைக்கும். மாத்தறதுதான் நல்லது, ஆனா சிலிக்கான் டிரான்சிஸ்டர் போடறதா இருந்தா பேஸ்-எமிட்டர், ஜெர்மேனியத்தோட 0.2 வோல்ட்டுக்குப் பதிலா 0.6க்கு மேல கேக்கும், அந்த வோல்ட்டை அமைக்கிற பயாஸ் ரெசிஸ்டரையும் பாத்து மாத்தணும், அப்படியே சொருகிட்டு ஓடலைன்னு சொல்லக்கூடாது.

அதனால என் ஓட்டு 'முளைமுடி'க்கு. தானா முளைக்குதுங்கறது சொல்லுலயே வந்துடுது, பட்டறையில 'கூட்டுக்குள்ள முளைமுடி விட்டிருக்கு'ன்னு வாய்க்கும் வருது. துத்தநாகம், காட்மியம் இதுலயும் இதே மாதிரி வளரும், அதனால உலோகப் பேரை முன்னாடி சேர்த்துக்கலாம்: வெள்ளீய முளைமுடி, துத்தநாக முளைமுடி. 'இழை' வேணாம், பல்பு இழை ஏற்கனவே இருக்கு. போன வாரம் ஒருத்தர் சொன்ன 'வெள்ளீய மயிர்' இலக்கணப்படி தப்பே இல்ல, ஆனா பாலிடெக்னிக் வகுப்புல வாத்தியார் அதை எப்படி சொல்லுவார்னு நெனச்சுப் பாருங்க.