அப்பாவை ஆவர்தனாவுக்கு அழைத்துப் போகலாமா?

வணக்கம். அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு வேலூரிலிருந்து சென்னை போகிறோம். கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் இருக்கும் ஆவர்தனா உணவகத்தில்தான் சாப்பிட வேண்டும் என்று தங்கை அடம். தென்னிந்தியச் சமையல்தான், ஆனால் ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக வரும். ரசமே மார்டினி கிளாஸில்! அப்பாவோ, ஆம்பூர் பிரியாணிக்கு இரண்டாம் முறை கத்தரிக்காய் வரவில்லை என்றாலே முகம் சுருங்குகிறவர். வயிறு நிறையுமா? பேசாமல் அதே ஹோட்டலில் இருக்கும் பெஷாவரி என்ற வட இந்திய உணவகத்துக்குப் போய்விடலாமா? அங்கே ஏப்ரன் கட்டிக்கொண்டு கையாலேயே சாப்பிடலாம்; தால் புகாரா என்ற கறுப்பு உளுந்து தாலும் உண்டு.

போனவர்கள் சொல்லுங்கள். வேட்டியில் வந்தால் விடுவார்களா? 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து நான்கு பேருக்கு எவ்வளவு ஆகும்? அப்புறம், ஏழரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி சென்ட்ரலில் காட்பாடி ரயிலைப் பிடிக்க முடியுமா?