மூன்று ஆண்டு முடியப் போகும் பாக்கி: டர்பனில் சம்மன் அனுப்புவதா, பேசித் தீர்ப்பதா?

மிளகாய்மண்டி (டர்பன், தென்னாப்பிரிக்கா), அக்டோபர் 2025

அனைவருக்கும் வணக்கம். ஃபீனிக்ஸ் பகுதியில் மசாலாப் பொடிகளை அரைத்து மொத்த விலைக்கு விற்கும் சிறு கம்பெனியை நானும் என் தம்பியும் நடத்தி வருகிறோம். வடக்குக் கடற்கரைப் பக்கத்தில் திருமண விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு கேட்டரிங் கம்பெனிக்கு 2022 டிசம்பர் முதல் 2023 மார்ச் வரை ஏழு இன்வாய்ஸ்களில் சரக்கு அனுப்பினோம். அதில் ஒரு சதம்கூட வரவில்லை. மொத்தப் பாக்கி 2,86,400 ராண்ட். மாதக் கடைசியில் ஸ்டேட்மெண்ட் அனுப்புவோம், அதன் தேதியிலிருந்து முப்பது நாளில் பணம் வர வேண்டும் என்பது கடன் கணக்கு திறக்கும்போது அவர்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே இருக்கிறது.

மார்ச் மாதச் சரக்கில் எட்டு மூட்டை மிளகாய்ப்பொடி ஈரம் பட்டுக் கட்டிதட்டியிருந்ததாகப் பிறகு புகார் சொன்னார்கள். மற்ற சரக்கைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை. 2024 ஜூனில் அவர்களுடைய நிர்வாகி என் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினார்: "உங்கள் பாக்கி எங்களுக்குத் தெரியும் அண்ணா. மார்ச் மூட்டை விஷயத்தை மட்டும் பேசிக்கொள்வோம். மண்டபக்காரரிடமிருந்து பணம் வந்ததும் தருகிறோம்." அதற்குப் பிறகு பதிலே இல்லை. கோயில் திருவிழாவில் எதிரே வந்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கடந்த ஆகஸ்டில் ஓர் அட்டர்னி மூலம் பணம் கேட்டுக் கடிதம் அனுப்பினோம். கடனைக் கேட்கச் சட்டம் தரும் மூன்று ஆண்டுக் கணக்கு அந்தக் கடிதத்தோடு நின்றுவிட்டது, இனி அவசரமில்லை என்கிறார் ஒரு நண்பர். கம்பெனியையே கலைக்கச் சொல்லி மனுப் போட்டால் பயந்து கட்டிவிடுவார்கள் என்கிறார் என் மைத்துனர். ஊரில் முகம் பார்த்துப் பழகும் குடும்பங்கள் என்பதால் வழக்கில்லாமல் முடிக்க முடியுமா என்று நான் யோசிக்கிறேன். இவற்றில் எது சரி?

கணக்குப்பிள்ளை (சாட்ஸ்வொர்த்)

ஐயா, முதலில் நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். அட்டர்னி கடிதம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது காலக்கெடுவை நிறுத்தாது. கடன் வசூல் வேலையில் இருந்த காலத்தில் இந்த ஒரு நம்பிக்கையால் காலாவதியான கணக்குகளை நான் கோப்பு கோப்பாகப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பாக்கியை ஒரே தொகையாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்டேட்மெண்டுக்கும் தனித்தனித் தவணைத் தேதி உண்டு. 2022 டிசம்பர் 31 தேதியிட்ட ஸ்டேட்மெண்டுக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் 2023 ஜனவரி 30. அந்த இன்வாய்ஸ்களுக்கு மூன்று ஆண்டு 2026 ஜனவரி கடைசியில் முடிகிறது; நீங்கள் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நேரத்தில் உங்கள் பணம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். மார்ச் இன்வாய்ஸ்களுக்கு மட்டும் ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது. டிசம்பர் நடுவில் இந்த ஊரில் பாதி அலுவலகங்கள் பூட்டிவிடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அட்டர்னி ஒருவர் (டர்பன்)

ஆவணங்களைப் பார்க்காமல் சொல்வதால் இதைப் பொதுக் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கணக்குப்பிள்ளை எழுதியது சரி. சாதாரண வியாபாரக் கடனுக்கு 1969ஆம் ஆண்டின் 68ஆம் எண் பிரிஸ்கிரிப்ஷன் சட்டம் (கடன் காலாவதியாவதைப் பற்றிய சட்டம்) தரும் காலம் மூன்று ஆண்டு. அந்த ஓட்டத்தை இடையில் முறிக்க அச்சட்டத்தில் முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன: 14ஆம் பிரிவின்படி கடனாளி தன் பொறுப்பை வெளிப்படையாகவோ குறிப்பாலோ ஒப்புக்கொள்வது; 15ஆம் பிரிவின்படி கடனைக் கோரும் நீதிமன்ற ஆவணத்தைக் கடனாளியிடம் சார்வு செய்வது, அதாவது முறைப்படி கொண்டு சேர்ப்பது. சம்மனை நீதிமன்றத்தில் பதிந்து வாங்கினால் மட்டும் போதாது, ஷெரீஃப் (நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டு சேர்க்கும் அலுவலர்) அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த பிறகும் வழக்கை இறுதித் தீர்ப்பு வரை நடத்தாமல் கைவிட்டால், காலம் முறிந்ததாகவே கருதப்படாது.

உங்கள் வழக்கில் என் கவனம் முழுவதும் அந்த வாட்ஸ்அப் செய்தியில்தான் இருக்கிறது. 14ஆம் பிரிவின்படி கடனை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். அந்தச் செய்தி ஒப்புகையாக நின்றால் உங்களுக்கு 2027 ஜூன் வரை காலம் கிடைக்கிறது. மின்னணுச் செய்தி என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. "பாக்கி எங்களுக்குத் தெரியும், பணம் வந்ததும் தருகிறோம்" என்பது "பார்க்கிறோம்", "கணக்கரிடம் கேட்டுச் சொல்கிறோம்" போன்ற மழுப்பலைவிட வலுவான சொற்றொடர். மார்ச் மூட்டையைத் தனியே பிரித்துப் பேசியிருப்பதால், மற்ற இன்வாய்ஸ்களைப் பொறுத்தவரை மறுப்பே இல்லை என்று வாதிடவும் அதில் வழி இருக்கிறது.

ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, எழுதியவர் யார் என்பதாகத்தான் இருக்கும். ஒப்புகை கடனாளியிடமிருந்தோ அவர் சார்பில் பேச அதிகாரம் பெற்றவரிடமிருந்தோ வர வேண்டும். அந்த நிர்வாகி இயக்குநரா, சம்பளத்துக்கு வேலை செய்பவரா? "உங்கள் பாக்கி" என்றது எந்த எந்த இன்வாய்ஸை? இப்படி ஒரு வாக்கியத்தின் மீது மூன்று லட்சத்தை நிறுத்திவைப்பதை நான் எந்தக் கட்சிக்காரருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் செய்தியைக் குடை போலக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மழை வராது என்று எண்ணி ஜனவரியைத் தாண்டாதீர்கள். தம்பியின் தொலைபேசியை மாற்றுவதற்கு முன் அந்த உரையாடல் முழுவதையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

சமரசம் பேசுவது தவறில்லை. 'உரிமைக்குப் பாதகமின்றி' என்று தலைப்பிட்ட சமரசக் கடிதத்தைப் பொதுவாக நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது; ஆனால் அதில் கடனை ஒப்புக்கொண்டிருந்தால், காலக்கெடு முறிந்தது என்பதை நிறுவ மட்டும் அதைக் காட்டலாம் என்று 2017இல் ப்ளூம்ஃபான்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பேச்சை எழுத்தில் நடத்துங்கள். அவர்கள் தவணையில் கட்ட முன்வந்தால், தொகையும் தேதிகளும் எழுதி இயக்குநர் கையெழுத்திட்ட கடன் ஒப்புகைப் பத்திரம் இல்லாமல் ஒரு வாரம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

வழக்கு எங்கே என்றால், சிறு கோரிக்கை நீதிமன்றம் உங்களுக்கு இல்லை. அதன் வரம்பு 20,000 ராண்ட், அதோடு கம்பெனிகள் அங்கே வாதியாகப் போகவும் முடியாது. மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் வரம்பு 2 லட்சம், வட்டார மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் வரம்பு 4 லட்சம். உங்கள் தொகை வட்டார நீதிமன்றத்துக்கு உரியது. உயர் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்று தடை இல்லை. ஆனால் வென்றாலும் மாஜிஸ்திரேட் நீதிமன்ற அளவுக்குத்தான் செலவுத்தொகை கிடைக்கும் அபாயம் உண்டு. எந்த நீதிமன்றமானாலும் எதிர்த்தரப்பு கொடுக்கும் செலவுத்தொகை உங்கள் அட்டர்னி பில் முழுவதையும் ஈடு செய்யாது என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள். வட்டியைப் பற்றிப் படிவத்தில் எதுவும் எழுதாவிட்டால் சட்டம் நிர்ணயித்த வட்டி பொருந்தும்; அது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு மேல் 3.5 சதவீதப் புள்ளி.

மைத்துனரின் யோசனையை வேறு யாராவது அனுபவத்தோடு சொன்னால் நல்லது. நான் சுருக்கமாகச் சொல்கிறேன்: உண்மையான மறுப்பு இருக்கும் கடனை வசூலிக்கக் கலைப்பு மனுவைக் கருவியாக்கக் கூடாது என்பது 1956 முதல் நம் நீதிமன்றங்கள் பின்பற்றும் விதி. மார்ச் மூட்டைப் புகாரே அந்த மறுப்பாக நிற்கக்கூடும்.

பாட்டன் கடை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அந்த அனுபவம் எனக்கு இருக்கிறது, பெருமைப்படும்படி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு உணவகக் கம்பெனி எனக்கு அரிசிக்கும் பருப்புக்கும் பணம் தராமல் இழுத்தடித்தது. பழைய 1973ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 345ஆம் பிரிவின்படி மூன்று வாரத்துக்குள் பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினேன். அவர்கள் அசையவில்லை. மனுப் போட்டேன், கம்பெனி கலைக்கப்பட்டது. வெற்றி என்று வீட்டில் பாயசம்கூட வைத்தார்கள்.

பிறகுதான் தெரிந்தது, பாத்திரங்களும் குளிர்பதனப் பெட்டிகளும் வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தன. எனக்கு எந்த ஈடும் இல்லை. வரிசையில் கடைசியில் நின்றேன். கலைப்புச் செலவுக்குப் போதுமான சொத்து மிஞ்சாதபோது கோரிக்கை நிரூபித்த கடன்காரர்களே அந்தப் பற்றாக்குறைக்குப் பங்கு தர வேண்டியிருக்கும் என்று கலைப்பாளர் விளக்கியபோது நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வராத பணத்தை வசூலிக்க என் கையிலிருந்து மேலும் பணம் கட்டினேன். மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் அப்போது பார்க்கத் தவறிய ஒன்று: கடன் படிவத்தில் இயக்குநர் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். எங்கள் படிவத்தில் அந்தப் பத்தி இருந்தது, கையெழுத்து இல்லை.

மிளகாய்மண்டி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பழைய பெட்டிக்கோப்பைத் திறந்து படிவத்தை எடுத்தோம். ஜாமீன் பத்தி இருக்கிறது. அதன் கீழே இயக்குநர் தனியாக இரண்டாம் கையெழுத்தும் போட்டிருக்கிறார். வாட்ஸ்அப் எழுதியவரும் அவரே. ஆனால் அந்தப் பத்தியில் கடன் கொடுப்பவர் பெயர் எழுத விட்ட கோடு காலியாக இருக்கிறது. படிவத்தின் தலையில் மட்டும் எங்கள் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கிறது. இன்னொரு குழப்பம், எங்கள் ஏழு இன்வாய்ஸிலும் அவர்களுடைய கடைப்பெயரைத்தான் எழுதியிருக்கிறோம். படிவத்தில் உள்ள பதிவுப் பெயர் வேறு. காலியான கோட்டில் இப்போது நாங்களே பெயரை எழுதிவிடலாமா என்று தம்பி கேட்கிறான்.

அட்டர்னி ஒருவர் (டர்பன்)

எழுத வேண்டாம். தம்பியிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள். ஜாமீன் என்பது எழுத்தில், கையெழுத்தோடு, கடன் கொடுப்பவர், கடனாளி, ஜாமீன்தாரர் மூவரும் யார் என்று தெரியும்படி இருக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் 50ஆம் எண் பொதுச் சட்டத் திருத்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. கோடு காலியாக இருந்தாலும் அதே தாளின் தலையில் உங்கள் பெயர் இருப்பதால் ஆவணம் முழுவதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லி வாதிட இடம் இருக்கிறது. நீங்கள் இப்போது எழுதினால் அந்த வாதமும் போகும், உங்கள் நேர்மையும் கேள்விக்குள்ளாகும். மூலத் தாளை அப்படியே அட்டர்னியிடம் கொடுங்கள்.

வாட்ஸ்அப் எழுதியவர் இயக்குநரே என்பது உங்களுக்குப் பெரிய பலம். எழுதியவருக்கு அதிகாரம் உண்டா என்று நான் எழுப்பிய சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனாலும் ஜனவரிக் கணக்கை மாற்றாதீர்கள்.

பெயர் விஷயம்தான் இப்போது அவசரம். கம்பெனிகள் ஆணையத்தின் பதிவேட்டில் தேடி, சரியான பதிவுப் பெயரையும் பதிவு எண்ணையும் பதிவு அலுவலக முகவரியையும் எடுங்கள். அந்தக் கடைப்பெயரில் இன்னொரு கம்பெனி தொழில் செய்கிறதா என்றும் பாருங்கள். தவறான கம்பெனிக்குச் சார்வான சம்மன் சரியான கம்பெனியின் காலக்கெடுவை முறிக்காது. சம்மனில் கம்பெனியை முதல் பிரதிவாதியாகவும் இயக்குநரை ஜாமீன்தாரராக இரண்டாம் பிரதிவாதியாகவும் சேர்க்கச் சொல்லுங்கள். கம்பெனியின் கடன் காலாவதியானால் ஜாமீனும் அதோடு விழும் என்பதால் இருவருக்கும் ஒரே நேரத்தில் சார்வாக வேண்டும்.

நவம்பர் முதல் வாரத்துக்குள் சம்மன் வெளியாகட்டும். இரு பிரதிவாதிகளுக்கும் ஷெரீஃப் தரும் சார்வு அறிக்கையைத் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். அதில் யாரிடம், எந்த முகவரியில், எந்தத் தேதியில் கொடுத்தார் என்று எழுதியிருக்கும். "வளாகம் பூட்டியிருந்தது" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தால் அன்றைக்கே அட்டர்னியை அழையுங்கள். டிசம்பரில் அதைக் கவனித்தால் மறுமுறை சார்வு செய்ய ஷெரீஃப் கிடைப்பது கடினம்.

கணக்குப்பிள்ளை (சாட்ஸ்வொர்த்)

அட்டர்னியை நியமிக்கும் முன் அவரிடம் நடப்பு ஆண்டுக்கான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள் ஐயா. கட்சிக்காரர் பணத்தை அட்டர்னி தனியே வைக்கும் டிரஸ்ட் கணக்கில் பணம் கட்டப் போகிறீர்கள்; அது கையாடப்பட்டால் ஈடு கேட்கும் இடம் அந்த ஃபண்ட்தான். அடுத்த சரக்கிலிருந்து இன்வாய்ஸில் பதிவுப் பெயரையும் எழுதுங்கள்.