80களில் வட ஆற்காட்டுக் கூத்தில் பெண் வேஷம்: நினைவிருக்கிறவர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம் பையன் கேட்டது:

வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம், வேலை பெங்களூரில். போன மாதம் ஆபீஸில் ஒருவர் 80களின் நியூயார்க் டிராக் கலாச்சாரம், அதாவது ஆண்கள் பெண் வேஷம் கட்டி ஆடுவது பற்றிப் பேசினார். ஹார்லெமில் விடிய விடிய நடந்த 'பால்' (ball) என்ற ஆட்டப் போட்டி இரவுகள், கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் 'ஹவுஸ்' என்ற பெயரில் ஒரு குடும்பமாகச் சேர்ந்து கோப்பைக்குப் போட்டி போட்டது, 80களின் நடுவில் லேடி பன்னி என்ற டிராக் கலைஞரும் நண்பர்களும் டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பூங்காவில் ஆரம்பித்த விக்ஸ்டாக் விழா என்று படங்களோடு சொன்னார். கேட்க நன்றாகவே இருந்தது. பக்கத்தில் இருந்தவர், "உங்க ஊர்ல ராத்திரி எட்டு மணிக்கே படுத்துடுவாங்க இல்ல?" என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் தாத்தா கூத்து பார்க்கப் போனால் மறுநாள் காலையில்தான் வருவார் என்று பாட்டி இன்றைக்கும் திட்டுகிறார். ஆண்கள்தான் திரௌபதி, கர்ணன் மனைவி பொன்னுருவி வேஷமெல்லாம் கட்டினார்கள் என்றும் தெரியும். நான் பார்க்க ஆரம்பித்த காலத்தில் பாதிக் கூத்தில் திடல் காலியாகிவிடும். 80களில் பார்த்தவர்கள், முடிந்தால் கட்டி ஆடினவர்கள், எப்படி இருந்தது என்று சொல்லுங்களேன். மேக்கப், புடவை, கேலி, சம்பளம் எல்லாமே வேண்டும்.

பகல் தறி, ராத்திரி கூத்து எழுதியது:

தம்பி, நான் ஆரணிப் பக்கம். பகலில் பட்டுத் தறி, ராத்திரியில் பெண் வேஷம். அப்போது உங்கள் ஊரும் எங்கள் ஊரும் ஒரே வட ஆற்காடு. 1989 செப்டம்பரில்தான் ஜில்லாவைப் பிரித்தார்கள். அதனால் குடியாத்தம் பக்கம் தாம்பூலம் வாங்கி, ஆட்டம் ஒப்புக்கொண்டு ஆட வந்ததும் உண்டு. உங்கள் தாத்தா என்னைப் பார்த்து விசில் அடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

எட்டு மணிக்குப் படுத்துவிடுவோம் என்று சொன்னவரைப் பங்குனி மாதத்தில் ஒரு பாரதத் திடலுக்குக் கூட்டிவந்திருக்க வேண்டும். மதியம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. ஒன்பதரைக்கு மத்தளமும் முகவீணையும் தாளமும் சேர்ந்து களரி கட்டினால் அடுத்தடுத்த ஊர்களுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் ஆட்கள் வயல் வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு வருவார்கள். ஆளுக்கொரு பாய், குழந்தைக்கு ஒரு போர்வை. ஓரத்தில் சுக்குக் காப்பி, வேர்க்கடலை, வளையல் கடை. இன்னும் கொஞ்சம் தள்ளி இருட்டில் மூணு சீட்டு. காதல், சண்டை, கடன் பேச்சு, பெண் பார்ப்பது எல்லாமே அங்கேதான் நடந்தன. நடுராத்திரியில் ஒரு ஊரே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது.

மேக்கப் கேட்டீர்கள். முத்து வெள்ளையும் கொஞ்சம் அரிதாரமும் தேங்காய் எண்ணெயில் குழைத்து, முகம், கழுத்து, காதுமடல், முழங்கை வரைக்கும் பூச வேண்டும். முகத்தோடு நிறுத்திக்கொண்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் கை கறுப்பாகத் தனியாகத் தெரியும். பெட்ரோமாக்ஸ் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, மஞ்சள் வெளிச்சம் எல்லாவற்றையும் மன்னித்துவிடும். மார்புக்குத் துணிச் சுருள். எங்கள் வாத்தியார் தலைமுறையில் கொட்டாங்கச்சி கட்டினார்களாம், நினைத்தாலே வலிக்கிறது. மீசை வைக்க முடியாது. என் கல்யாணப் போட்டோவிலும் மீசை கிடையாது. பெண் வீட்டுக்காரர்களில் ஒரு பெரியவர் அதைச் சொல்லிச் சொல்லியே சாப்பிட்டார்.

புடவை பெரும்பாலும் பூனம் என்ற செயற்கை இழைப் புடவை. நெய்வது பட்டு, கட்டுவது பூனம்! பட்டு வியர்வையைத் தாங்காது, கறை விழுந்தால் போகாது. பூனத்தை வாய்க்காலில் அலசிப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும்.

கட்டை வேஷக்காரர்களுக்கு, அதாவது ராஜா, வீரன் வேஷம் கட்டுகிறவர்களுக்கு, கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கரப்பு உடுப்பு என்று ஒரு பாரமே இருக்கும். துரியோதனன் நாலு கிறிக்கி சுற்றினால் திடலே எழுந்து நிற்கும். எங்களுக்கு அதெல்லாம் இல்லை. ஒரு சவுரி, ஒரு புடவை, கால் சலங்கை. அதை வைத்துக்கொண்டு அந்தக் கிரீடத்துக்கு எதிரே நிற்க வேண்டும். குரலைக் கீச்சென்று ஆக்கிப் பேசினால் வாத்தியார் தாளத்தாலேயே தட்டுவார். "பொம்பளை மாதிரி பேசாதடா, பாஞ்சாலி மாதிரி பேசு" என்பார். நாலு கட்டை சுருதிக்கு மேலே பாடிக்கொண்டே வார்த்தை வார்த்தையாகப் புரியவைக்க வேண்டும். மைக் மேலே தொங்கும், ஒன்றே ஒன்று. பனங்கற்கண்டும் மிளகும் இல்லாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை.

ஒவ்வொரு பெண்ணும் வேறு. கர்ண மோட்சத்தில் பொன்னுருவி கலிங்க ராஜன் மகள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்ற எரிச்சல் அவளுக்கு. அவளுக்குத் தலைப்பை இழுத்துச் செருகிவிட்டு, கர்ணனைத் தோளுக்கு மேலேதான் பார்ப்பேன், நேராகப் பார்க்கமாட்டேன். அவன் போருக்குக் கிளம்பும்போதுதான் முதல் தடவை நேருக்கு நேர். முன்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்துவது அங்கேதான். இந்தக் கூத்தைக் கருமாதிக்கும் வைப்பார்கள். அங்கே அழுகை கூத்துக்கா, போனவருக்கா என்று பிரிக்கவே முடியாது. குறவஞ்சியில் அதே திரௌபதி குறத்தியாக வருவாள், கூடையும் துடுக்கும். அன்றைக்குத்தான் அன்பளிப்பு கொட்டும். "இன்னார் குறத்திக்கு அஞ்சு ரூபாய்" என்று மைக்கில் சொல்லி, நோட்டை ஊக்கில் கோர்த்து ரவிக்கையில் குத்த வருவார்கள். நான் தோளை மட்டும் காட்டுவேன். குத்தும் சாக்கில் கையை ஓட்டப் பார்க்கிறவனைக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பார்த்துக்கொள்வான். பாட்டிலேயே அவன் மானத்தை வாங்கிவிடுவான். பெண் வேஷக்காரனுக்கு உண்மையான காவல் கட்டியக்காரன்தான்.

பகடை துகில், அதாவது சூதாட்டமும் திரௌபதி துகிலுரிப்பும் வரும் கூத்து ராத்திரி எல்லாம் மாறிவிடும். அன்றைக்கு நான் ஒரு வேளைதான் சாப்பிடுவேன், யாரோடும் சிரித்துப் பேசமாட்டேன். திரௌபதி வீட்டுக்கு விலக்காக ஒற்றைத் துணியில் இருக்கிறாள், முடி விரிந்து கிடக்கிறது. அப்படியே துச்சாதனன் சபைக்கு இழுத்துவருகிறான். "தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு என்ன உரிமை?" என்று பெரியவர்களைப் பார்த்துக் கேட்கும் இடத்தில் நான் பீஷ்மரைப் பார்க்கமாட்டேன், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களைத்தான் பார்ப்பேன். சில பேர் தலை குனிந்துகொள்வார்கள். புடவையைத் தொடுவதற்கு முன்னால் துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி, "தாயே, இது வேஷம், மன்னிச்சுக்கோ" என்று கும்பிட்ட பிறகுதான் தொடுவார். அவருக்கும் கை நடுங்கும், எனக்கும் நடுங்கும். முந்தின ராத்திரி விசில் அடித்த அதே பசங்கள் அன்றைக்குக் காலில் விழுவார்கள். நான் தடுக்கமாட்டேன், அவர்கள் விழுவது என் காலில் இல்லை.

சம்பளம் பங்கு முறை. முழுப் பங்கு, முக்கால், அரை. செட்டு என்றால் கூத்துக் குழு, செட்டு வாத்தியார் பிரிப்பார். பெண் வேஷத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் எனக்கு முழுப் பங்கு சீக்கிரமே வந்தது.

எங்கள் செட்டில் இன்னொருவர் இருந்தார், பேர் வேண்டாம். விடிந்ததும் நாங்கள் எல்லாரும் அரிதாரத்தை எப்போது கழுவுவோம் என்று ஓடுவோம், அவர் மட்டும் சவுரியைக் கழற்ற மாட்டார். பஸ் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். சித்திரைப் பௌர்ணமிக்கு ஆட்டம் ஒப்புக்கொள்ளவே மாட்டார். கூவாகம் போய் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வார். செட்டில் யாரும் தூண்டித் துருவிக் கேட்டதில்லை. வீட்டில்தான் கேட்டார்கள், அடித்தும் கேட்டார்கள். பிறகு பம்பாய்க்குப் போய்விட்டார். எனக்கு அது வேஷம், அவருக்கு மீதி நேரம்தான் வேஷம். உங்கள் நியூயார்க் கதையில் 'ஹவுஸ்' என்று சொன்னீர்களே, எனக்கு நம் செட்டு வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வந்தார். அந்தப் பம்பாய் போனவருக்குச் சாப்பாடு போட்டது, காய்ச்சலில் பார்த்துக்கொண்டது எல்லாம் வாத்தியார் வீடுதான்.

செய்யாறு மகள் எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பெண்கள் பக்கத்தில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் வேஷக்காரர்களுக்கு ஜிமிக்கியும் கல் வளையலும் இரவல் கொடுக்கப் பெரிய போட்டி. யார் வீட்டு நகை பாஞ்சாலி காதில் ஆடுகிறது என்பது மறுநாள் குழாயடிப் பேச்சு. கொசுவம் சரியாக வைக்காமல் வந்தால் முன்வரிசையிலிருந்தே குரல் போகும்: "யம்மா, பின்கொசுவத்தை இழுத்துச் செருகு, தடுக்கி விழப்போறே!" அவரும் வசனத்தை நிறுத்தாமலே இழுத்துச் செருகிக்கொள்வார். என் சித்தி, "அவன் நடக்கிறதைப் பாத்து நாம கத்துக்கணும்டி" என்பாள். பெண்கள் நாலு பேர் எதிரே நின்று கேள்வி கேட்க முடியாத ஊரில், எங்கள் ஆத்திரத்தை எல்லாம் ஓர் ஆள் எங்களுக்காக மைக்கில் கத்தினார், அதுவும் புடவை கட்டிக்கொண்டு. அந்த ஒரு ராத்திரிக்காக நாங்கள் வருஷம் முழுக்கக் காத்திருந்தோம். அதே சமயம், நானும் ஆடுகிறேன் என்று ஒரு பெண் சொல்லியிருந்தால் காலை ஒடித்திருப்பார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பாலாற்றங்கரை எழுதியது:

வேலூர் டவுன்காரன் நான். கூத்து மட்டுமா? மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரைக்குப் போனால் மீசைக்காரர்கள் எல்லாம் காளி வேஷத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு வருவார்கள். சித்திரைப் பௌர்ணமிக்குப் புஷ்பப் பல்லக்கு என்றால் டவுனே தூங்காது. ஆனால் இதையெல்லாம் கிளப் ஆட்டத்தோடு சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இது பக்தி, நேர்த்திக்கடன். அது கேளிக்கை.

பகல் தறி, ராத்திரி கூத்து எழுதியது:

பாலாற்றங்கரை ஐயா, ராத்திரி ஒரு மணிக்குக் கட்டியக்காரன் பேசும் பேச்சைக் கேட்டிருந்தால் இப்படிப் பிரித்திருக்கமாட்டீர்கள். கோயில் வாசலிலேதான் அத்தனை பச்சையும் பேசுவான். அம்மன் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஊரைச் சிரிக்கவைத்து முழிக்கவைத்தால்தான் விடியற்காலை மூணு மணிக்கு அழவைக்க முடியும். நான் குறத்தியாக இடுப்பை ஒடித்ததும் பாஞ்சாலியாக அழுததும் ஒரே சம்பளத்துக்குத்தான். ஹார்லெம் காரர்களோடு என்னைச் சேர்த்துப் பேசினால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. அவர்களும் ராத்திரி முழுக்க நின்று ஆடினவர்கள். செருப்பு கடித்திருக்கும், பாவம்.

செய்யாறு மகளே, உங்கள் சித்தி சொன்னதை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "கொசுவம் நான் வெச்சுவிட்டது, பேர் உனக்கு" என்றாள். உண்மைதான், அவள் வந்த பிறகுதான் என் கொசுவம் உருப்பட்டது. பெண்கள் ஆட முடியவில்லை என்று நீங்கள் சொன்னதும் நியாயம். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் ராஜகோபால் வாத்தியாரும் அவர் மனைவி ஹன்னா அம்மாவும் 2002இல் தொடங்கிய கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகள் கட்டை வேஷமே கட்டினார்கள். ஒரு சின்னப் பெண் துரியோதனனாகக் கிறிக்கி அடிப்பதைப் பார்த்தேன். முழங்கால் பதமாக மடங்கியது. எனக்கு அந்த வயதில் அப்படி மடங்கவில்லை.

குடியாத்தம் பையன் எழுதியது:

ஐயா, இத்தனை எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாட்டிக்கும் காட்டினேன். ஒரே ஒரு கேள்வி: எப்போது, ஏன் நிறுத்தினீர்கள்? அந்தப் பெங்களூர் நண்பரை ஒரு கூத்துக்குக் கூட்டிவரவும் ஆசை. எதற்குக் கூட்டிவரலாம்?

பகல் தறி, ராத்திரி கூத்து எழுதியது:

வீடியோ டெக் வந்தது தம்பி. 80களின் பாதியிலேயே ஆரம்பித்துவிட்டது. திருவிழாவுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் போட்டால், ஒரு செட்டுக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆகாது. அதற்கப்புறம் ரெக்கார்ட் டான்ஸ். பாரதம் வைக்கும் ஊர்கள் விடவில்லை, மற்ற ஊர்கள் விட்டுவிட்டன. எனக்குத் தொண்டையும் போனது. சுருதி இறக்கிப் பாடச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. சவுரியைச் செட்டில் சேர்ந்த ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நண்பரைப் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் கூட்டிவாருங்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரத நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், எந்த ராத்திரி எந்தக் கூத்து என்று அதிலேயே இருக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதைப் பார்க்க எல்லாரும் போவார்கள், நீங்கள் பகடை துகிலுக்கு வாருங்கள். பதினோரு மணிக்கு முன்னால் வந்தால் முன்னால் இடம் கிடைக்கும். ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், பின்பாட்டுச் சத்தத்தில் வசனம் கேட்காது. பாய் மறக்க வேண்டாம். நண்பருக்கு ஸ்வெட்டரும் எடுத்துவாருங்கள், விடியற்காலையில் பனி இறங்கும்.