எலிவேஷன்: முகப்பா, நிலையா, முகமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டட வரைபடச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில், மேலிருந்து பார்த்த அறையமைப்பைக் காட்டும் பிளானுக்குத் தளப்படம் என்றும், கட்டடத்தை வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் செக்‌ஷனுக்கு வெட்டுப்படம் என்றும் ஏறத்தாழ உடன்பாடு வந்துவிட்ட நிலையில், ஒரு பக்கச் சுவரை நேரெதிரே பார்த்தபடி அளவோடு காட்டும் எலிவேஷன் மட்டுமே இழுபறியில் நிற்கிறது. முன்மொழியப்பட்டுள்ள 'முகப்புத் தோற்றம்', 'நிலைப்படம்' ஆகிய இரண்டையும் ஒரு மெய்யான வீட்டின் வரைபடங்களோடு பொருத்திப் பார்க்கலாம் என்பதால், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் 1907 ஏப்ரல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் வெளியிட்ட, 5,000 டாலரில் கட்டத்தக்க தீப்பிடிக்காத வீட்டை எடுத்துக்கொள்கிறேன். அது சிக்காகோ விலைவாசியில் கணக்கிடப்பட்ட ஒரு சிறு குடும்ப வீடு.

அதன் தளப்படம் ஏறத்தாழச் சதுரமானது. தளங்கள், கூரை ஆகியவற்றின் நடுச்சுமையை மையத்திலுள்ள புகைபோக்கியே தூணாக நின்று தாங்குகிறது. சுவரும் தளமும் கூரையும் காங்கிரீட் என்பதால், காங்கிரீட்டை வார்க்க அடிக்கும் சென்ட்ரிங் பலகை வேலையைக் குறைத்தால்தான் செலவு கட்டுக்குள் நிற்கும். அதற்காகவே ரைட் நான்கு பக்கங்களையும் ஒரே மாதிரி அமைத்து, ஒரு பக்கத்துக்கு அடித்த பலகை மற்றப் பக்கங்களுக்கும் உதவும்படி செய்தார். வாசலைப் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட்டார்.

இத்தகைய வீட்டில் எதை முகப்பு என்பது? தமிழில் முகப்பு என்பது தெருவைப் பார்த்த முன்பக்கம். 'பின்பக்க முகப்புத் தோற்றம்' என்று எழுதும்போதே சொல் முரண்டு பிடிக்கிறது. போதாக்குறைக்கு, நம் ஊர்க் கட்டட வேலையில் எலிவேஷன் என்பதே தெருப்பக்கத்தில் ஒட்டும் டைல்ஸையும் நீட்டிவிடும் காங்கிரீட் சட்டங்களையும் குறிப்பதாகிவிட்டது. "எலிவேஷன் வேலை தனி ரேட்டு சார்" என்று மேஸ்திரி சொல்லும்போது அவர் வரைபடத்தைப் பற்றிப் பேசவில்லை. முகப்பு என்ற சொல்லை ஏற்றால் அந்தக் குழப்பத்துக்கு நாமே முத்திரை குத்தியவர்களாவோம்.

'தோற்றம்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ரைட்டின் அலுவலகத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் மேரியன் மஹோனி மரங்களும் செடிகொடிகளும் சூழ வரைந்த படங்களைத் தோற்றம் எனலாம். கண்ணுக்குத் தெரிகிறபடியே தொலைவிலுள்ளவை அவற்றில் சிறுத்துப் போகும். எலிவேஷனில் எதுவும் சிறுக்காது. கால் அங்குலம் ஓரடி என்ற அளவில் வரைந்திருந்தால், சன்னலின் உயரத்தை அளவுகோல் வைத்தே எடுத்துவிடலாம். அதற்கு ஈடாக ஆழம் தொலைந்துபோகிறது: ரைட் வீடுகளின் அகன்ற இறவாரம் சுவரின் இரு ஓரங்களிலும் நீண்டு தெரியுமே தவிர, நம்மை நோக்கி எத்தனை அடி நீள்கிறது என்பதை அந்தப் படம் காட்டாது, அதற்கு வெட்டுப்படத்தையோ அடுத்த பக்கத்தின் எலிவேஷனையோ பார்க்க வேண்டும்.

நிலைப்படம் சுருக்கமானது, அழகானதும்கூட. ஆனால் தச்சருக்கு நிலை என்றால் வாசல்நிலை; கதவு, சன்னல் விவரங்கள் நிறைந்த ஒரு வரைபடத் தொகுப்பில் அந்தப் பெயரைக் கண்டால் அவர் மரச்சட்டத்தின் அளவைத்தான் தேடுவார்.

ஆகவே 'முகப் படம்' என்பதை முன்வைக்கிறேன். திசையோடு சேரும்போது இது தமிழுக்குப் புதிதன்று. தெற்கு நோக்கி அமர்ந்திருப்பவரைத் தென்முகக் கடவுள் என்கிறோம். அதே முறையில் தெற்கு நோக்கிய சுவரைக் காட்டுவது தென்முகப் படம். பார்ப்பவர் வடக்கு நோக்கி நிற்கிறாரே என்ற ஐயத்துக்கும் இதில் இடமில்லை. வீட்டுக்குள்ளும் இச்சொல் செல்லும்: குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு அமைந்த சுவருக்கு உட்சுவர் முகப் படம், சுவரோடு இணைந்த அலமாரிக்கு அலமாரி முகப் படம் என்று எழுதலாம். முகப்பு இங்கெல்லாம் நுழையவே முடியாது.

ஆளின் உருவப்படத்தோடு மயங்காதா என்று கேட்கலாம். தனித்து நின்றால் மயங்கும். வரைபடத் தாளில் திசையோ சுவரின் பெயரோ முன்னொட்டாக வராமல் இது நிற்கப்போவதில்லை. ஒலியில் நெருங்கிய முகப்படாம் யானையின் முகத்துக்கு உரிய அணி, அதை யாரும் கட்டடத்தில் தேடமாட்டார்கள். இரண்டு சொற்களாகப் பிரித்து எழுதுவதா, 'முகப்படம்' என்று சேர்த்தே எழுதுவதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 'முகப்பு' மட்டும் வேண்டாம்.