முதல் வான்கோழி வேட்டை (மிசூரி): குண்டு தள்ளிப் போகிறது, சேவல் வாயை மூடிக்கொள்கிறது. உதவி தேவை

புதுவேட்டை | மார்ச் 27, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். செயின்ட் லூயிஸ் பக்கம் இருக்கிறேன். ஊரில் நாட்டுக்கோழி அறுக்கும்போதே திண்ணைப் பக்கம் போய்விடுகிற ஆள் நான். கூட வேலை பார்ப்பவர் போன வருஷம் ஒரு டப்பாவில் காட்டு வான்கோழி வறுவல் கொண்டுவந்தார், அதிலிருந்து பிடித்தது பைத்தியம். ஹண்டர் எஜுகேஷன் முடித்துவிட்டேன். ஏப்ரல் மூன்றாம் திங்கள்கிழமை சீசன் திறக்கிறது. கூட்டிப்போகிறேன் என்ற நண்பர் வேலை மாறிப் போய்விட்டார், அதனால் மார்க் ட்வைன் தேசியக் காட்டுக்குத் தனியாகத்தான்.

துப்பாக்கியில்தான் முதல் சிக்கல். 12 கேஜ், பம்ப், குறிபார்க்க முனையில் ஒரு பித்தளை மணி மட்டும். 3.5 இன்ச் தோட்டா, 5ஆம் நம்பர் ஈய ரவை, ரவை சிதறாமல் குழல் முனையை இறுக்கும் ஃபுல் சோக். 40 யார்டில் பெரிய காகிதம் ஒட்டிச் சுட்டால் 10 இன்ச் வட்டத்துக்குள் 31 ரவைதான். 100 வேண்டும் என்கிறார்கள். மிச்சமெல்லாம் இடது மேல் மூலையில். சோக் மோசமா, தோட்டா மோசமா?

அடுத்தது பாக்ஸ் கால், அதாவது பெட்டைக் குரல் எழுப்பிச் சேவலைக் கூப்பிடும் மரப்பெட்டி. மூடி ரொம்பக் கிறீச்சிட்டதால் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவினேன். இப்போது சத்தமே இல்லை. சிரிக்காதீர்கள்.

போன சனிக்கிழமை விடியலில் காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மரத்தின் மேலிருந்து ஒரு சேவல் ஏழெட்டு முறை கோபிள் (சேவலின் கத்தல்) போட்டது. எண்ணெய் போடுவதற்கு முந்தைய பாக்ஸ் காலில் நானும் பதில் கொடுத்தேன். கீழே இறங்கியது, அதோடு சரி. பத்து மணி வரை உட்கார்ந்தேன், மூச்சு இல்லை. என்ன தப்பு செய்தேன்?

---

ஓசார்க்_மணி | மார்ச் 27, இரவு 10.25

தம்பி, எண்ணெய்க் கதையை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், இன்னும் சிரிக்கிறாள். அந்தக் கிறீச்தான் சத்தமே. மரமும் மரமும் உரசிப் பிடித்து விடும்போதுதான் பெட்டையின் குரல் வருகிறது. துணியால் நன்றாகத் துடை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் மூடியின் அடிப்பக்கத்தையும் பெட்டியின் இரண்டு விளிம்பையும் லேசாகத் தேய். உப்புத்தாள் வேண்டாம், விளிம்பின் வளைவு போய்விடும். பிறகு பாக்ஸ் கால் சாக் வாங்கித் தடவு. பள்ளிக்கூடச் சாக்பீஸ் வேண்டாம், சிலதில் மெழுகு கலந்திருக்கும். எண்ணெய் மரத்துக்குள் ஊறியிருந்தால் தேறாது. அப்போது ஒரு ஸ்லேட் பாட் கால், அதாவது குச்சியால் உரசிச் சத்தம் எழுப்பும் கல்பலகை, வாங்கிக்கொள். குச்சியைப் பேனா மாதிரி பிடித்து, பலகையிலிருந்து தூக்காமல் சின்னச் சின்ன முட்டை வடிவமாக இழு. ஸ்லேட்டை விரலால் தொடாதே. கை எண்ணெய் பட்டாலே வழுக்கும், இது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

துப்பாக்கி விஷயம். நீ வலது கைக்காரன்தானே? கன்னம் கட்டையில் படியாமல் தலையைத் தூக்கினால் கண் மேலே போகிறது, கூடவே இடது பக்கமும் விலகுகிறது. கண் எங்கே போகிறதோ குண்டும் அங்கேதான் போகும். இடது மேல் மூலை என்று நீ எழுதியதும் எனக்கு முகம்தான் தெரிந்தது, சோக் இல்லை. அந்த 3.5 இன்ச் தோட்டா தோளில் கழுதை உதைத்த மாதிரி இருக்கும். மூன்றாவது குண்டுக்குள் யாருக்கும் தலை தானாக எழும்பிவிடும்.

இப்படிச் செய். களிமண் தட்டு சுடுகிற மெல்லிய தோட்டா ஒரு பெட்டி வாங்கு. மேசையில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, 20 யார்டில் இருந்து ஆரம்பி. ரவைக் கூட்டத்தின் நடு எங்கே விழுகிறது என்று மட்டும் பார், எண்ணாதே. நடு சரியான பிறகுதான் வேட்டைத் தோட்டா, அதுவும் 3 இன்ச் போதும். அப்போதும் தள்ளிப்போனால் சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் ரெட் டாட் ஒன்று போட்டுக்கொள்.

---

லங்காஸ்டர்_செல்வி | மார்ச் 28, காலை 6.15

மணி அண்ணா சொன்னதோடு ஒன்று. 100 என்கிற கணக்கைப் பிடித்துத் தொங்காதீர்கள். எத்தனை யார்டு வரை உங்கள் துப்பாக்கி நம்பகமோ அதுதான் உங்கள் எல்லை. 30 என்றால் 30. டங்ஸ்டன் ரவை வாங்கச் சொல்லிச் சிலர் வருவார்கள். ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி, அதனால் 9ஆம் நம்பர் பொடி ரவையே தூரம் போய்த் தைக்கும், உண்மைதான். ஆனால் ஒரு தோட்டா விலைக்கு ஒரு வேளை பிரியாணி சாப்பிடலாம். முகம் சரியாக வைக்கத் தெரியாதவருக்கு அது வீண். உங்கள் மாநிலத்தில் சில கன்சர்வேஷன் ஏரியாக்களில் ஈய ரவை கூடாது, அங்கே போனால் மட்டும் யோசியுங்கள். ரவை 4ஆம் நம்பரைவிடப் பெரியதாக இருக்கவும் கூடாது (நம்பர் கூடக் கூட ரவை சிறிதாகும்).

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. மன்னிக்கவும், திட்டத்தான் போகிறேன். சீசனுக்கு மூன்று வாரம் முன்னால் போய் ஏன் கூப்பிட்டீர்கள்? கூப்பிட்ட இடத்தில் பெட்டை இல்லை என்று சேவல் ஒருமுறை கண்டுகொண்டால் அடுத்த முறை நம்பாது. வேவு பார்க்கப் போகும்போது காது மட்டும் போதும். கோபிள் கேட்டே ஆக வேண்டுமென்றால் ஆந்தை மாதிரியோ காக்கை மாதிரியோ ஒரு சத்தம் கொடுங்கள். திடுக்கிட்டுக் கத்தும், இடம் தெரிந்துவிடும்.

---

ஓசார்க்_மணி | மார்ச் 28, காலை 7.05

செல்வி சொல்வது நூற்றுக்கு நூறு. அந்தச் சேவல் ஏன் ஊமையானது என்றால், கீழே இறங்கிய இடத்தில் அதற்கு நிஜப் பெட்டைகள் கிடைத்துவிட்டன. இயற்கையில் சேவல் கத்தும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக, நீ வா என்கிறோம். பக்கத்திலேயே நாலு பேர் இருக்கும்போது எதற்கு வருகிறது?

அதனால் திறப்பு நாளில் விடியலில் ஒன்றும் நடக்கவில்லை என்று வண்டிக்குத் திரும்பாதே. ஒன்பது, பத்து மணிக்குப் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிடப் போய்விடும். தனியாக நிற்கிற சேவல் அப்போது மெல்லிய யெல்ப்புக்கே (பெட்டை கூப்பிடும் குரல்) ஓடி வரும். பொது நிலத்தில் பகல் 1 மணி வரை நேரம் இருக்கிறது. நான் சுட்டதில் பாதிக்கு மேல் பத்து மணிக்குப் பிறகுதான்.

உட்காருகிற இடம் முக்கியம். அது தூங்கும் மரத்திலிருந்து ஒரு 150 யார்டு தள்ளி, அதே மட்டத்திலோ கொஞ்சம் மேட்டிலோ. நடுவில் ஓடையோ கம்பி வேலியோ இருந்தால் பறந்து தாண்டத் தெரிந்தும் தாண்டாது, அந்தப் பக்கமே நின்று கத்தும். தரையில் இலைச் சருகை V மாதிரி கீறிப் போட்டிருக்கிறதா பார். எச்சம் J மாதிரி வளைந்திருந்தால் சேவல், சுருண்டு உருண்டையாக இருந்தால் பெட்டை. வண்டிப் பாதை மண்ணில் நடுவே காலடியும் இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகளும் தெரிந்தால், அங்கே சேவல் இறக்கையை இழுத்துக்கொண்டு ஆடியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வான்கோழி மயிலைப் பார்த்துத்தான் ஆடியது என்று படித்தோம். மயிலே இல்லாத இந்த ஓசார்க் மலைப்பக்கம் வந்து பார்க்க வேண்டும், என்ன ஆட்டம்!

---

காட்டுப்பூனை77 | மார்ச் 28, பகல் 12.30

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் எச்1பி விசா. துப்பாக்கியைத் தொடலாமா?

---

லங்காஸ்டர்_செல்வி | மார்ச் 28, பகல் 1.10

கிரீன் கார்டு என்றால் பிரச்சினை இல்லை. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அந்த லைசென்ஸ் காலாவதியான மறுநாள் வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருந்தாலும் குற்றம், அதைப் பலர் கவனிப்பதில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் இமிகிரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு கோழிக்காக விசாவை அடகு வைக்க வேண்டாம்.

---

புதுவேட்டை | ஏப்ரல் 6, மாலை 5.50

அண்ணா, முகம்தான்! மெல்லிய தோட்டாவில் 20 யார்டில் முதல் குண்டே நட்டநடுவில். 3 இன்ச்சுக்கு மாறி, கன்னத்தை அழுத்தி வைத்துச் சுட்டதில் 40 யார்டில் 74, 30 யார்டில் 130. எல்லை 30 என்று முடிவு செய்துவிட்டேன். பாக்ஸ் கால் தேறவில்லை. ஸ்லேட் வாங்கி பேஸ்மென்ட்டில் பழகுகிறேன், மகள் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிறாள்.

உடை எல்லாம் கேமோ எடுத்தாயிற்று. தனியாகப் போவதால் பாதுகாப்புக்கு வேறு என்ன?

---

லங்காஸ்டர்_செல்வி | ஏப்ரல் 6, இரவு 8.20

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு பூங்கொத்து. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். இந்த மூன்றில் எதுவும் உங்கள் மேல் இருக்கக் கூடாது. வெள்ளைச் சாக்ஸ், சிவப்புக் கைக்குட்டை, நீல ஜீன்ஸ், மூக்குச் சிந்திய டிஷ்யூகூட. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பின்னாலிருந்து யாரும் உங்களைத் தவறாக நினைத்துச் சுட்டாலும் மரம் வாங்கும்.

வேறொரு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், யெல்ப் கொடுக்காதீர்கள். "ஹலோ" என்று மனிதக் குரலில் சத்தமாகச் சொல்லுங்கள். சேவல் போனால் போகட்டும். டெக்காய் பொம்மையையும் சுட்ட பறவையையும் ஆரஞ்சுத் துணிக்குள் சுற்றித் தூக்குங்கள். எங்கள் பென்சில்வேனியாவில் வசந்த சீசனில் பதுங்கிப் போய்ச் சுடுவது சட்டப்படியே தப்பு, கூப்பிட்டுத்தான் வரவழைக்க வேண்டும். உங்கள் ஊரிலும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். கோபிள் கேட்கும் பக்கம் ஊர்ந்து போனால், அங்கே இன்னொரு ஆள் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நெஞ்சில் தொங்கும் தாடியைக் கண்ணால் பார்க்காமல் சேஃப்டியில் விரல் போகக் கூடாது. வாலை விரித்து ஆடும்போது கழுத்து உள்ளே போய்விடும், அப்போது சுடாதீர்கள். பெட்டை மாதிரி ஒரு கிளக் (குட்டைச் சத்தம்) கொடுத்தால் தலையை நீட்டும். இறகு முடிந்து வெறும் கழுத்து தொடங்கும் இடம்தான் குறி.

---

ஓசார்க்_மணி | ஏப்ரல் 6, இரவு 9.00

உண்ணியை மறந்துவிட்டோம். ஓசார்க்கில் சேவலைவிட அதுதான் அதிகம். 0.5 சதவீத பெர்மெத்ரின் உடைக்கும் ஷூவுக்கும் அடித்து வெளியில் காயப்போடு. உடம்பில் அடிக்கக் கூடாது, ஈரமாக இருக்கும்போது பூனை கிட்ட வரக் கூடாது. முதுகில் வெள்ளைப் புள்ளி இருக்கிற உண்ணி கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறியே ஒத்துக்கொள்ளாமல் போகிறது. கோழிக்கறிக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது உனக்கு ஆறுதல்.

அப்புறம், முதல் வாரத்தில் ஒரு பறவைதான், சீசன் முழுக்க இரண்டு. சுட்டவுடன் பெர்மிட்டில் வெட்டுக்குறி போடு, அன்றைக்கே டெலிசெக்கில் துறைக்குத் தெரிவி. சலிப்பாகத்தான் இருக்கும். 1960இல் மிசூரி மறுபடி சீசன் திறந்தபோது மூன்று நாளில் மொத்த மாநிலமே சுட்டது 94 பறவை. இந்தக் கணக்கெல்லாம் வைத்துத்தான் அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

---

புதுவேட்டை | திறப்பு நாள், பகல் 2.15

கை காலி. விடியலில் இரண்டு சேவல் கத்தின, இறங்கின, ஊமை. நீங்கள் சொன்னதால் நகரவில்லை. 9.50க்கு யெல்ப் மூன்று, அதற்கு இடதுபுறம் ஒரே ஒரு கோபிள், கிட்டத்தில். பிறகு கால்மணி நேரம் ஒன்றுமில்லை. கொசு மூக்கில் உட்கார்ந்தது, முகமூடியை இழுத்துவிடக் கையைத் தூக்கினேன். என் வலது தோளுக்குப் பின்னால், பத்தே யார்டில், "பட்... பட்" என்று விரலால் தகரத்தைச் சுண்டிய மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சருகு ஆடிக்கொண்டிருக்கிறது, பறவை இல்லை. அந்தச் சத்தம் என்ன?

---

ஓசார்க்_மணி | திறப்பு நாள், பகல் 2.40

அது உன்னைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் போடாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்திருக்கிறது, பொது நிலத்துச் சேவல் அப்படித்தான். புதன்கிழமை அதே இடத்துக்குப் போ. இந்தத் தடவை, இன்று உட்கார்ந்த மரத்துக்கு 40 யார்டு வலது பக்கம் உட்கார். கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள், தேங்காய் எண்ணெய் வேண்டாம்.