கலைச்சொல்: வங்க மொழியின் ‘ஸ்வரசங்கதி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர்க்கு வணக்கம்.

வங்காளம் படிக்கும் தமிழர்க்கான உச்சரிப்புக் குறிப்புகளில் ஒரு சொல் இடறுகிறது. ஒரு சொல்லுக்குள் ஓர் உயிர் அடுத்திருக்கும் உயிரைத் தன் பக்கம் இழுப்பதை வங்க இலக்கணம் ‘ஸ்வரசங்கதி’ என்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமென்றால், ஸ்வரமும் சங்கதியும் சேர்ந்தால் நம்மவர்க்குக் கச்சேரிதான் நினைவுக்கு வரும். உயிரிசைவு, உயிர்ப்பொருத்தம், உயிரியைபு என மூன்று சொற்கள் கைவசம் உள்ளன.

முதலில் நிகழ்வு. எழுத்தை அடுத்து ' இட்டிருந்தால் வாயை அகலத் திறக்க வேண்டும். கொ' என்பதில் வருவது ஆவுக்கும் ஒவுக்கும் இடைப்பட்ட ஒலி. தெ' என்பதில் வருவது ‘பேட்’ (கிரிக்கெட் மட்டை) என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் உயிர். மூச்சொலிகளை இங்கே காட்டவில்லை.

செய்கிறான்: கொ'ரெ. செய்கிறேன்: கொரி.
பார்க்கிறான்: தெ'கெ. பார்க்கிறேன்: தெகி.
எழுதுகிறான்: லெகெ. எழுதுகிறேன்: லிகி.
கேட்கிறான்: ஷொனெ. கேட்கிறேன்: ஷுனி.

விகுதியில் இகரம் வந்ததும் பகுதியின் உயிர் ஒரு படி ஏறுகிறது, அதாவது வாய் திறப்பு ஒரு படி குறைகிறது. ஒரே படிதான், இரண்டு படி தாவாது. முதல் இரண்டு வினைகளில் வங்க எழுத்து மாறுவதில்லை, வாய் மட்டும் மாறும். பின்னிரண்டில் எழுத்தும் மாறிவிடும். எழுத்தை நம்பிப் படிப்பவர் முதல் வினையிலேயே ‘கரி’ என்று விழுவது இதனால்தான்.

*

> உயிரிசைவு, உயிர்ப்பொருத்தம், உயிரியைபு

ஐயா, மூன்றிலும் சிக்கல் உண்டு. ‘உயிரித் தொழில்நுட்பம்’ பழகிய கண் முதல் சொல்லை ‘உயிரி’ என்றே பிரிக்கும், படிப்பவர் உயிரியல் பக்கம் போய்விடுவார். பொருத்தம் என்றால் பத்தில் எத்தனை என்று கேட்பார்கள். இயைபு யாப்பில் தொடையாக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

இங்கே மாறுவது வாய் திறக்கும் அளவு. நாக்கின் முன்புறத்தில் பிறக்கும் உயிர் (இ, எ) முன்னேயே இருக்கிறது, பின்புறத்தில் பிறக்கும் உயிர் (உ, ஒ) பின்னேயே இருக்கிறது. அ, ஆ பிறக்கும் முயற்சியை நன்னூல் ‘அங்காப்பு’ (வாய் திறத்தல்) என்கிறது. ஆகவே ‘அங்காப்பிசைவு’ என்று வைக்கலாம். சொல்லைக் கேட்டாலே மாணவருக்கு எந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

*

அங்காப்பிசைவு நல்ல சொல், ஆனால் பாதி நிகழ்வைத்தான் பிடிக்கிறது. ஹிஷாப் (கணக்கு) பேச்சில் ஹிஷெப் ஆகிறது. துலா (பஞ்சு) துலொ ஆகிறது, பூஜா புஜொ ஆகிறது. இங்கே முன்னுள்ள உயிர் பின்னுள்ளதை மாற்றுகிறது. இகரத்துக்குப் பின் ஆகாரம் எகரமாகிறது, உகரத்துக்குப் பின் ஒகரமாகிறது. அங்காப்பு குறைவதோடு, நாக்கு முன்னே போவதா பின்னே போவதா என்பதையும் முதல் உயிரே முடிவு செய்கிறது. இதையும் வங்க இலக்கணம் ஸ்வரசங்கதி என்றே சொல்வதால், தலைச்சொல் அகலமாக இருக்க வேண்டும்: ‘உயிரொலி இசைவு’. இடைவெளி விட்டு எழுதினால் உயிரிக் குழப்பமும் தீரும். அதன்கீழ் ஒரு வகையாக அங்காப்பிசைவு இருக்கட்டும்.

*

தலைச்சொல்லுக்கு உடன்படுகிறேன். விளக்கத்தில் பேச்சுத்தமிழையும் சேருங்கள். இடம் ‘எடம்’ ஆவதும் உடம்பு ‘ஒடம்பு’ ஆவதும் இதே குடும்பம்தான், திசை மட்டும் எதிர்: பின்வரும் அகரம் முன்னுள்ள உயிரை ஒரு படி இறக்குகிறது. வங்காளத்திலும் இறக்கம் உண்டு. பழைய லிகா (எழுதுதல்) லெகா ஆனது, ஷுனா (கேட்டல்) ஷொனா ஆனது. எனவே தமிழருக்கு இறக்கம் புதிதில்லை, ஏற்றம்தான் புதிது. இன்னொரு வேறுபாடு: தமிழில் இரட்டித்த மெய் குறுக்கே நின்றால் இறக்கம் நிகழாது. ‘இல்லை’ இறங்கியிருந்தால் ‘எல்லை’ ஆகியிருக்கும்! வங்காளத்தில் மெய்ம்மயக்கம் ஏற்றத்தைத் தடுக்காது; அக்னி அங்கே ‘ஒக்னி’.

ஏற்றத்தைக் கற்றவுடன் எல்லா இடத்திலும் ஏற்றிவிடுவது அடுத்த தவறு. ‘செய்கிறான்’ என்பதற்கு ‘கொரெ’ என்று சொன்னால் அது ‘செய்து’ என்னும் எச்சமாகிவிடும். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. எச்சத்தின் பழைய வடிவம் ‘கொரியா’. நடுவிலிருந்த இகரம் மறைந்தும் அதன் ஏற்றம் மறையவில்லை. வங்க இலக்கணம் இதற்கு ‘அபிஸ்ருதி’ என்று வேறு பெயர் தருகிறது, நம் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

பயிற்சிக்கு: கட்டைவிரலை மோவாய்க்கு அடியில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு கொ'ரெ, கொரி என மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லலாம். கொ'ரெயில் தாடை இறங்கி விரலை அழுத்த வேண்டும், கொரியில் அழுத்தக்கூடாது. இரண்டிலும் அழுத்தினால் ஏற்றம் வரவில்லை. இரண்டிலும் அழுத்தாவிட்டால் ‘செய்கிறான்’ ‘செய்து’ ஆகிவிட்டது.

*

அனைவர்க்கும் நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

உயிரொலி இசைவு: ஒரு சொல்லுக்குள் ஓர் உயிரின் தன்மைக்கேற்ப அருகிலுள்ள உயிர் மாறுதல்.
அங்காப்பிசைவு: அவற்றுள், வாய் திறக்கும் அளவு மட்டும் மாறி, உயிர் ஒரு படி ஏறுவது அல்லது இறங்குவது.

*

அங்காப்பிசைவின் கீழ் இரண்டு குறிப்புகள் விடுபட்டன. ஒன்று, எழுத்தில் ஒட்டி நிற்கும் யகரமும் இகரம்போல ஏற்றும், ஒலிக்காவிட்டாலும் ஏற்றும்: சத்ய என்று எழுதி ‘ஷொத்தொ’ என்பார்கள். மற்றொன்று, எதிர்மறை அகரம் ஏறாது. அதி ‘ஒதி’ ஆகும், ஆனால் அநியாயத்தைக் குறிக்கும் அவிசார் ‘ஒ'பிசார்’ என்றே நிற்கும்.